டெக்சாஸ் கிளையன்ட் காசு திருமங்கலம் வந்து சேர எது நல்ல வழி? வாலட்டுல 8,000 போச்சு, சித்தப்பா உண்டியல்ங்கிறாரு

டெக்லா_தம்பி

வணக்கம் மக்களே. எனக்கு ஊரு திருமங்கலம். பாலிடெக்னிக்ல சிவில் டிப்ளமோ முடிச்சிட்டு மதுரையில ஒரு ஸ்டீல் டீட்டெயிலிங் ஆபீஸ்ல அஞ்சு வருஷம் டெக்லாங்கிற சாஃப்ட்வேர்ல ஷாப் டிராயிங் (இரும்ப வெட்டி ஒட்டுறதுக்கான வரைபடம்) போட்டுக்கிட்டு இருந்தேன். போன வருஷக் கடைசில வேலைய விட்டுட்டு வீட்டுலயே தனியா பண்ண ஆரம்பிச்சேன். பழைய ஆபீஸ்ல கூட வேலை பாத்த அண்ணன் ஒருத்தரு இப்ப அமெரிக்காவுல இருக்காரு, அவரு மூலமா டெக்சாஸ்ல ஒரு சின்ன ஃபேப்ரிகேட்டர் (இரும்பு வேலை செய்யிற கம்பெனிக்காரரு) கிடைச்சாரு. படிக்கட்டு, கைப்பிடி, சின்னச் சின்ன பிளாட்ஃபார்ம், இந்த மாதிரி வேலைதான், ஆனா மாசா மாசம் வருது. மணிக்கணக்குக்கு ரேட் பேசியிருக்கோம், கூடிக்குறைஞ்சு மாசம் 1,150 டாலர் பக்கம் நிக்குது.

வேலையில பிரச்சனையே இல்ல, காசு வர்றதுலதான் எல்லாப் பிரச்சனையும். மொத மாசம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆன்லைன் வாலட் வழியா வாங்குனேன். அழகர் ஆத்துல எறங்குன வாரம்தான் அது, நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா ஊரே சந்தோசமா இருக்கு நான் மட்டும் போன வச்சுக்கிட்டு கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு கூகுள்ல டாலர் 85 ரூபா, அப்ப 97,750 வரணும்ல, வந்தது 89,700 சொச்சம். எட்டாயிரம் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. கமிஷன் 51 டாலர்னு மட்டும் போட்டிருக்கு, அது நாலாயிரத்து முன்னூறு ஆகுது, சரி, மீதி?

அதுக்கு அடுத்து நேரா பேங்க்ல வாங்கிருவோம்னு கிளையன்ட் ஆபீஸ்ல கணக்கு பாக்குற அம்மாட்ட சொன்னேன். அவங்க, நாங்க ஏசிஎச்ல (அமெரிக்க பேங்குகளுக்குள்ள காசு அனுப்புற முறை) மட்டும்தான் போடுவோம், ரவுட்டிங் நம்பரும் அக்கவுண்ட் நம்பரும் குடுன்னு ஒரு ஃபார்ம் அனுப்புனாங்க. நானு ரவுட்டிங் நம்பர்ங்கிற எடத்துல நம்ம பேங்க் ஐஎஃப்எஸ்சிய போட்டு அனுப்பிட்டேன் (சிரிக்காதீங்க). அது 9 நம்பர்தான் ஏத்துக்கும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கூடவே டபிள்யூ-9னு இன்னொரு ஃபார்ம் வேற வந்திருக்கு, அதுல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேக்குது, எங்கிட்ட ஆதார்தான் இருக்கு.

இதுக்கு நடுவுல எங்க சித்தப்பா ஷார்ஜால இருக்காரு. அவரு என்ன சொல்றாருன்னா, "உங்க கம்பெனிக்காரன என் அக்கவுண்ட்டுல போடச் சொல்லு, இங்க எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, மறுநாளே டவுன்ல ஒரு கடையில உன் கைல காசா குடுத்துருவாய்ங்க, பத்து பைசா புடிக்க மாட்டாய்ங்க, டாக்ஸும் கெடையாது." கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்டுல அப்பா இது உண்டியல் காசுடா வேணாம்ங்கிறாரு. சித்தப்பா கோவக்காரரு வேற.

கப்பலூர் பக்கம் இடம் பாத்து வச்சிருக்கோம், ரெண்டு வருஷத்துல வீட்டு லோன் போடலாம்னு ஒரு எண்ணம். அதையும் மனசுல வச்சு சொல்லுங்க. இந்த மாச இன்வாய்ஸ் இன்னும் அனுப்பல, உங்க பதில பாத்துட்டுதான் அனுப்பணும்.


மாட்டுத்தாவணி_எக்ஸ்பிரஸ்

ப்ரோ எதுக்கு இம்புட்டு யோசனை, யுஎஸ்டிடில (டாலர் மதிப்புல நிக்கிற கிரிப்டோ காயின்) வாங்குங்க. அஞ்சு நிமிசத்துல வந்துரும், பி2பில (நேரா இன்னொரு ஆளுக்கு) வித்தா மார்க்கெட் ரேட்டுக்கு மேலயே கிடைக்கும். நான் ஒரு வருஷமா அப்பிடித்தான் பண்றேன்.


வைகைக்கரை

தம்பி, நானும் இதே டீட்டெயிலிங் லைன்தான், பதினோரு வருஷமா வெளிநாட்டுக் காசு வாங்கிக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், டீ போட்டுட்டு வந்து படிங்க.

மொதல்ல அந்த எட்டாயிரம். கமிஷன்னு கண்ணுக்குத் தெரியிறது பாதிதான். மீதிய ரேட்டுல எடுத்துருவாங்க. நீங்க கூகுள்ல பாக்குற 85ங்கிறது ரெண்டு பெரிய பேங்குங்க தங்களுக்குள்ள மாத்திக்கிற நடு ரேட். வாலட்டோ பேங்கோ உங்களுக்கு அந்த ரேட்டக் குடுக்க மாட்டாங்க. உங்க கணக்கையே எடுங்க: 1,150ல கமிஷன் போக 1,099 டாலர், கைக்கு வந்தது 89,700, வகுத்துப் பாருங்க, டாலருக்கு 81 ரூபா 60 பைசா. அதாவது டாலருக்கு 3 ரூபா 40 பைசா ரேட்டுலயே போயிருச்சு. அதனால எந்த கம்பெனிய பாத்தாலும் "ஃபீஸ் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, "1,150 டாலர் வந்தா என் அக்கவுண்ட்ல எத்தன ரூபா விழுகும்"னு கேளுங்க. சீரோ ஃபீஸ்னு போட்டிருக்கிறவன்ட்டதான் இந்தக் கேள்விய மொதல்ல கேக்கணும்.

அடுத்து நேரா பேங்குக்கு வயர். ஸ்விஃப்ட்டுன்னு சொல்லுவாங்கள்ல அது. இதுக்கு ஐஎஃப்எஸ்சி உதவாது, அது நம்ம நாட்டுக்குள்ள மட்டும். ஸ்விஃப்ட் கோட்னு தனியா 8 இல்லாட்டி 11 எழுத்துல இருக்கும். எல்லா பிராஞ்சுக்கும் இருக்காது, உங்க பிராஞ்சுக்கு இல்லைன்னா பேங்கோட ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) பாக்குற பெரிய பிராஞ்சோடதக் குடுப்பாங்க. கூட்டுறவு பேங்க் அக்கவுண்ட்டா இருந்தா பெரும்பாலும் அதுக்கு வழி இருக்காது, வேற பேங்க்ல ஒண்ணு ஓப்பன் பண்ணிக்கங்க. வயர்ல என்ன தொந்தரவுன்னா காசு டெக்சாஸ்ல இருந்து நேரா திருமங்கலம் வராது, நடுவுல ஒண்ணு ரெண்டு பேங்க் கை மாறும், அவிங்க ஆளாளுக்கு கொஞ்சம் எடுத்துக்குவாய்ங்க. அனுப்புறவங்க ஃபார்ம்ல சார்ஜ் யாரு தலையிலன்னு மூணு ஆப்ஷன் இருக்கும்: ஓயுஆர்னா மொத்தமும் அவங்க தலையில, எஸ்எச்ஏன்னா அவங்க பேங்க் சார்ஜ் அவங்களுக்கு, மீதி உங்களுக்கு, பிஇஎன்னா எல்லாமே உங்க தலையில. ஓயுஆர் போடச் சொல்லிக் கேளுங்க, சின்ன கம்பெனிக்காரங்க ஒத்துக்கிறது கஷ்டம்தான்.

ஒரு கணக்கு வச்சுப்போம். நடுவுல 20 டாலர் போச்சு, 1,130 வந்துச்சு. நம்ம பேங்க் 84க்கு எடுத்துச்சு, 94,920. டாலர ரூபாயா மாத்துறதுக்கு ஜிஎஸ்டி வேற உண்டு. ஒரு லட்சம் வரைக்கும் மாத்துற தொகையில 1 சதவீதத்த சர்வீஸ் மதிப்பா எடுத்து (கொறஞ்சது 250 ரூபா) அதுல 18 சதவீதம், உங்களுக்கு 171 ரூபா வரும். ஆக 94,750 பக்கம், அதுக்கு மேல பேங்கோட இன்வார்டு சார்ஜ் கொஞ்சம். வாலட்டுக்கு இது எவ்வளவோ தேவல. ஆனா 200 டாலர், 300 டாலர் பில்லுக்கு வயர் வாங்குனா நடுவுல போற 20 டாலரே ஏழுல இருந்து பத்து பர்சன்ட் ஆயிரும், பெரிய தொகைக்குதான் வயர்.

உங்க கிளையன்ட்டு ஏசிஎச்தான்னு சொல்றதால உங்களுக்கு சரியா வர்றது மூணாவது வழி. பேயோனியர், ஸ்கைடோ மாதிரி ஆளுங்க உங்க பேர்ல அமெரிக்காவுல காசு வாங்கிக்கிற மாதிரி ஒரு அக்கவுண்ட் நம்பரும் 9 நம்பர் ரவுட்டிங்கும் குடுப்பாங்க. அந்த அம்மாவுக்கு அது சாதாரண அமெரிக்க பேங்க் அக்கவுண்ட் மாதிரிதான் தெரியும், பக்கத்துத் தெருவுல இருக்க வெல்டருக்குப் போடுற மாதிரியே உங்களுக்கும் போட்டுருவாங்க. அவங்களுக்கு வயர் சார்ஜ் கெடையாது. அந்த டாலர் உங்களுக்கு ரூபாயா மாறி நம்ம பேங்க்ல விழுந்துரும், அங்கயே சேத்து வைக்கிற கதை நம்மளுக்கு கெடையாது. ரிசர்வ் பேங்க் 2023 அக்டோபர்ல இந்த மாதிரி எல்லை தாண்டி காசு வாங்கிக் குடுக்குற பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்குன்னு தனி விதி கொண்டாந்தாங்க. ஆளத் தேர்ந்தெடுக்கும்போது ரிசர்வ் பேங்க் அனுமதி வாங்கியிருக்காங்களா, இல்ல அனுமதி இருக்க பேங்கோட சேந்து பண்றாங்களான்னு மட்டும் பாத்துக்கங்க. ஃபீஸ் அடிக்கடி மாத்துவாங்க, அதனால இங்க எழுதல, ரெண்டு மூணு பேர்ட்ட அதே 1,150க்கு ஒரே நாள்ல கேட்டுப் பாருங்க.

செக் அனுப்புறேன்னு சொன்னா மட்டும் கும்புடு போட்டுருங்க. அமெரிக்க செக்க இங்க கலெக்‌ஷனுக்குப் போட்டா வாரக் கணக்குல ஆகும், நெறைய பேங்க் கையிலயே வாங்குறதில்ல.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். இந்த மூணாவது வழியில வர்ற காசு உங்க பாஸ்புக்ல டெக்சாஸ் கம்பெனி பேர்ல வராது. உள்ளூர் நெஃப்ட் மாதிரி அந்த பேமெண்ட் கம்பெனி பேர்ல வந்து விழுகும். நாளைக்கு லோன் மேனேஜர் பாத்தா என்ன இது யாரோ மாசா மாசம் காசு போடுறாங்கன்னுதான் நினைப்பாரு. அதனால ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் எஃப்ஐஆர்ஏன்னு ஒரு அட்வைஸ் குடுப்பாங்க, வெளிநாட்டுல இருந்து இவ்வளவு டாலர், இந்தக் காரணத்துக்கு வந்துச்சுன்னு. அத மறக்காம டவுன்லோட் பண்ணி இன்வாய்ஸோட சேத்து வைங்க. நான் மொத மூணு வருஷம் இத எடுக்கவே இல்ல, அப்புறம் ஒரு பேங்க்ல அலையா அலைஞ்சு, சென்னையில ஃபாரெக்ஸ் டெஸ்க்ல கேளுங்கன்னு அவங்க சொல்ல, அங்கிட்டு போன் பண்ணா பிராஞ்சுலயே கேளுங்கன்னு சொல்ல, போங்கடான்னு விட்டுட்டேன்.


டெக்லா_தம்பி

அண்ணே ரொம்ப நன்றிண்ணே, அந்த 81.60 கணக்கு பாத்ததும்தான் விளங்குச்சு. ரெண்டு டவுட்டு. பர்பஸ் கோடுன்னு ஒண்ணு கேக்குறாங்களே அது என்ன போடணும்? அப்புறம் சித்தப்பா மேட்டர யாருமே சொல்லல. உண்டியல் வேணாம்னா, அவரு அக்கவுண்ட்ல வாங்கி அவரு பேங்க் வழியாவே எனக்கு அனுப்புனா அது ஓகேவா?


கோரிப்பாளையம்_பங்காளி

மாட்டுத்தாவணி பங்காளிக்கு ஒரு வார்த்தை. நானும் உங்கள மாதிரியே பேசிக்கிட்டு திரிஞ்சவன்தான். வெப்சைட் வேலை பாத்து யுஎஸ்டிடில வாங்கி பி2பில வித்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில பெட்ரோல் பங்க்ல ஜிபே அடிச்சா ஃபெயில், சரி சர்வர்தான்னு நினைச்சேன், பேங்குக்குப் போனா அக்கவுண்ட் ஃப்ரீஸ்ங்கிறாங்க. என்னண்டு கேட்டா வடக்க ஏதோ ஒரு ஸ்டேட் சைபர் கிரைம் போலீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. என்ட்ட காயின் வாங்குனவன் எனக்குப் போட்ட 18,000 யாரோ ஒரு பாவப்பட்ட ஆளுட்ட ஏமாத்துன காசு, அந்த ஆளு 1930க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ண்ட் குடுக்க, காசு எந்தெந்த அக்கவுண்ட் வழியா போச்சோ எல்லாத்தையும் வரிசையா பூட்டிப்புட்டாய்ங்க. நான் வித்தேன், காசு வாங்குனேன், அம்புட்டுதேன். ஆனா அத நிரூபிக்க நாலு மாசம். அதுவரைக்கும் வீட்டு வாடகைக்கு பொண்டாட்டி அக்கவுண்ட்.

டாக்ஸும் சும்மா இல்ல பங்காளி. 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 பர்சன்ட், அதே வருஷம் ஜூலைல இருந்து விக்கிறப்ப 1 பர்சன்ட் டிடிஎஸ். ஒண்ணுல வந்த நட்டத்த இன்னொண்ணுல கழிக்கவும் முடியாது. வேலை பாத்த காசுங்கிறது வருமானமாவும் கணக்குல வரும். ஒரு வருஷமா ஒண்ணும் ஆகலைன்னா சந்தோசம், நானும் பதினாலாவது மாசம் வரைக்கும் அப்பிடித்தான் சொன்னேன்.

தம்பி, சித்தப்பாவோட ஆளு குடுக்குற காசும் இதே கதைதான். கடையில கட்டா குடுக்குறாங்கள்ல, அது யாரு காசு, எங்க இருந்து வந்த காசுன்னு உங்களுக்கும் தெரியாது உங்க சித்தப்பாவுக்கும் தெரியாது.


பேரேடு_அக்கா

தம்பி, நான் எஸ்எஸ் காலனி பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினாறு வருஷமா வேலை பாக்குறேன். நான் ஆடிட்டர் இல்ல, கடைசில ஒரு ஆடிட்டர பாத்து கையெழுத்து வாங்கிக்கங்க, ஆனா உங்க மாதிரி பசங்க வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க, எல்லாருக்கும் இதே பயம்தான்.

சித்தப்பா விஷயம் மொதல்ல. உண்டியல் ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி குத்தம், மாட்டுனா அந்தத் தொகையில மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். உங்க அப்பா சொன்னது சரி. சித்தப்பா பேங்க் வழியா அனுப்புனா கூட வேணாம். ஏன்னா அவரு அனுப்புனா அது குடும்பச் செலவுக்கு வந்த காசுன்னு பி1301 கோடுலதான் வரும். இன்வாய்ஸ் டெக்சாஸ்க்கு, காசு ஷார்ஜால இருந்து குடும்பச் செலவுக்கு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? சம்பளக்காரரு அக்கவுண்ட்ல மாசா மாசம் அமெரிக்கக் கம்பெனி காசு விழுந்தா அவரு பேங்க் அவரையும்தான் கேக்கும். அவரு பொழப்புலயும் நீங்க கை வைக்காதீங்க.

பர்பஸ் கோடுங்கிறது வேற ஒண்ணும் இல்ல, இந்தக் காசு எதுக்கு வந்துச்சுன்னு ரிசர்வ் பேங்க்குக்கு பேங்க் சொல்ற கணக்கு. சாஃப்ட்வேர் பசங்க பி0802 போடுவாங்க. அதப் பாத்துட்டு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவங்க எல்லாருமே அதையே போடுறாங்க, அது தப்பு. நீங்க பண்றது சாஃப்ட்வேர் இல்ல, இன்ஜினியரிங் டிராயிங். லிஸ்ட்டுல இன்ஜினியரிங் சர்வீஸ்க்கு தனியா இருக்கு, அதையே எடுங்க. இன்வாய்ஸ்ல "ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல் டீட்டெயிலிங், ஷாப் டிராயிங்"னு எழுதிட்டு கோடுல வேற ஒண்ணு போட்டா பின்னாடி தலைவலி. வயர்ல வந்தா சில பேங்க்ல காசு வந்துருச்சு, என்ன காரணம்னு எழுதிக் குடுங்கன்னு உங்களுக்கு மெயில் வரும், டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு சொல்லுவாங்க, அதுக்கு பதில் போடலைன்னா காசு அங்கயே நிக்கும், ரொம்ப நாள் ஆனா திரும்பிக் கூட போயிரும். பழைய மெயில் ஐடி குடுத்து வச்சிருந்தா இன்னைக்கே மாத்துங்க. எங்க கிளையன்ட் ஒருத்தரு காலேஜ்ல படிக்கிறப்ப குடுத்த மெயில் ஐடி, பாஸ்வேர்டே மறந்துட்டாரு, காசு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போயிருச்சு.

இப்ப டாக்ஸ். சித்தப்பா டாக்ஸ் மிச்சம்னு சொன்னாருல்ல, உங்களுக்கு டாக்ஸே வராதுப்பா! மாசம் 97,750னு வச்சாலும் வருஷத்துக்கு 11,73,000. இன்ஜினியரிங் தொழில்னு 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏடிஏ பிரிவுல காட்டுனா வந்ததுல பாதிய வருமானம்னு காட்டுனா போதும், 5,86,500. அந்தப் பிரிவு 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்குறது 5 பர்சன்ட்டத் தாண்டலைன்னா 75 லட்சம் வரைக்கும். 2025-26 வருஷத்துல புது முறையில 12 லட்சம் வரைக்கும் வருமானத்துக்கு ரிபேட் போக வரி பூஜ்யம். டிப்ளமோக்காரருக்கு 44ஏடிஏ பொருந்துமான்னு சில ஆடிட்டருங்க இழுப்பாங்க, அதக் கேட்டு முடிவு பண்ணுங்க. அது பொருந்தலைன்னே வைங்க, கம்ப்யூட்டர், டெக்லா லைசென்ஸ், கரண்ட்டு, இன்டர்நெட்னு செலவு கழிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க 12 லட்சத்துக்கு உள்ளதான் இருக்கீங்க. கணக்கு நோட்டு ஒழுங்கா எழுதணும், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை கூடி வரி வர்ற நிலைமை வந்தா அங்க யாரும் டிடிஎஸ் புடிக்க மாட்டாங்க, நீங்களாத்தான் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும், 44ஏடிஏக்கு மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டுனா போதும்.

ஆக, இல்லாத வரிய மறைக்கிறதுக்கு உண்டியல். வீட்டு லோனுக்குப் போனா ரெண்டு வருஷம் ரிட்டர்ன் கேப்பாங்க, கைல வாங்குன காசுக்கு எத காட்டுவீங்க?

ஜிஎஸ்டி பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்து அதத்தான் கேப்பீங்க. சர்வீஸ் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல. தாண்டுனதும் பண்ணணும், ஆனா பயப்படாதீங்க, வெளிநாட்டு சர்வீஸ் எக்ஸ்போர்ட்டுக்கு வரி பூஜ்யம்தான். ஒவ்வொரு நிதி வருஷமும் எல்யூடின்னு ஒரு உறுதிமொழிய ஆர்எஃப்டி-11 ஃபார்ம்ல ஆன்லைன்ல போட்டுட்டா ஐஜிஎஸ்டி கட்டாம பில் போடலாம். அங்கயும் காசு வெளிநாட்டுப் பணமா வந்துச்சுன்னு காட்டணும், வைகைக்கரை தம்பி சொன்ன எஃப்ஐஆர்ஏ அங்கதான் கை குடுக்கும். இம்போர்ட் எக்ஸ்போர்ட் கோடு எடுக்கணும்னு யாராவது வந்து காசு கேட்டா குடுக்காதீங்க, சர்வீஸ்க்கு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைச் சலுகை ஏதும் கேக்கலைன்னா அது தேவையில்ல.

டபிள்யூ-9 நீங்க போடவே கூடாது, அது அமெரிக்கக்காரங்களுக்கு. நீங்க போட வேண்டியது டபிள்யூ-8பென். நெட்லயே ஃபார்ம் இருக்கு, ஒரு பக்கம்தான். பேரு, திருமங்கலம் அட்ரஸ், வெளிநாட்டு வரி எண்ங்கிற எடத்துல உங்க பான் நம்பர். வேலைய நீங்க இந்தியாவுல உக்காந்து செய்யிறதால அங்க 30 பர்சன்ட் வரி புடிக்கிற பேச்சு வராது. அத எங்கயும் தாக்கல் பண்ண வேண்டியதில்ல, அந்த அம்மா ஃபைல்ல வச்சுக்குவாங்க. கையெழுத்து போட்ட வருஷத்துக்கு அப்புறம் மூணு வருஷம் டிசம்பர் வரைக்கும் செல்லும்.


மாட்டுத்தாவணி_எக்ஸ்பிரஸ்

கோரிப்பாளையம் பங்காளி நாலு மாசம்னு சொன்னதும் கொஞ்சம் கலங்கிருச்சு. என் அக்கவுண்ட்ல பி2பி என்ட்ரியே இருநூறு இருக்கும். இப்ப நிறுத்துனா பழசுக்கு ஏதும் ஆகுமா?


கோரிப்பாளையம்_பங்காளி

ஆகும் ஆகாதுன்னு நான் எப்பிடி பங்காளி சொல்றது. ஆர்டர் ஹிஸ்டரி, சாட் ஸ்கிரீன்ஷாட், யாரு எவ்வளவு போட்டான்னு எல்லாத்தையும் இன்னைக்கே எறக்கி வைங்க, என்னைய காப்பாத்துனது அதுதான். வீட்டுச் செலவுக்கு இருக்க அக்கவுண்ட்டயும் இதையும் பிரிச்சுருங்க. அப்புறம் அக்கா மாதிரி ஒரு ஆள பாத்து போன வருஷ ரிட்டர்ன்ல இத காட்டியிருக்கீங்களான்னு கேளுங்க. (காட்டியிருக்க மாட்டீங்க.)


டெக்லா_தம்பி

அக்கா, இத பிரிண்ட் எடுத்து அப்பாட்ட குடுத்தேன், அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே. வரியே வராதுங்கிறது எனக்கு உண்மையிலயே தெரியாது, அஞ்சு மாசமா பயந்து செத்தேன்.

நேத்து பேமெண்ட் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப் போனேன், கேஒய்சில நின்னுருச்சு. பான் கார்டுல அப்பா பேரு முழுசா முன்னாடி, என் பேரு பின்னாடி. பேங்க்ல என் பேருக்கு அப்புறம் இனிஷியல். ஆதார்ல இனிஷியலே இல்ல. மூணும் வேற வேற ஆளுன்னு சிஸ்டம் சொல்லுது. மூணும் நான்தான்யா!


வைகைக்கரை

இதுல நம்மாளு சிக்காம இருந்தாத்தான் அதிசயம். ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னு கேக்குறவனுக்கு இனிஷியல் என்னன்னே தெரியாது. நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது: பான்ல எப்பிடி இருக்கோ அப்பிடியே எல்லாத்துலயும் கொண்டாந்துருங்க. மொதல்ல பேங்க்ல போயி பேர பான்படி மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, அது லேசு. ஆதார இ-சேவை மையத்துல மாத்திக்கலாம், பேர மாத்துறதுக்கு ரெண்டு தடவைதான் விடுவாங்க, அதனால எழுத்துக்கு எழுத்து சரி பாத்துட்டு குடுங்க. இன்வாய்ஸ்ல, டபிள்யூ-8பென்ல, அந்த அம்மாட்ட குடுக்குற ஏசிஎச் ஃபார்ம்ல எல்லாத்துலயும் அதே பேரு. கூப்புடுற பேரு வேற எங்கயும் வேணாம்.

இந்த மாசத்துக்கு அவசரமா வேணும்னா அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு தடவ வயரா அனுப்பச் சொல்லிக் கேளுங்க, இல்லாட்டி வைஸ் மாதிரி ஆப்ல அவங்களே டாலர் போட்டு உங்க பேங்க்ல ரூபாயா விழுகிற மாதிரி பண்ணலாம். அதுலயும் காரணம் கேக்கும், குடும்பச் செலவுன்னு போட்டுற வேணாம்னு சொல்லிருங்க, அவங்க எது லேசா இருக்கோ அதத்தான் அமுக்குவாங்க.

அப்புறம் காசு பெருசா வர ஆரம்பிச்சப்புறம் ஈஈஎஃப்சி அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு, டாலர டாலராவே நம்ம பேங்க்ல வச்சுக்கலாம், வட்டி கெடையாது, இந்த மாசம் வந்தத அடுத்த மாசக் கடைசிக்குள்ள மாத்திறணும். டெக்லா லைசென்ஸ டாலர்ல கட்டுறவங்களுக்கு நல்லது. 1,150க்கு இப்ப அது வேணாம், சும்மா காதுல போட்டு வைக்கிறேன்.


பேரேடு_அக்கா

இன்வாய்ஸ் நம்பர் ஒண்ணுல இருந்து வரிசையா போடுங்க தம்பி. பசங்க டிசைன் எல்லாம் அழகா பண்றாங்க, நம்பர மட்டும் "புதுசு-2-ஃபைனல்"னு போட்டு எடுத்துட்டு வர்றாங்க. தேதி, பான்படி உங்க பேரு, அட்ரஸ், கிளையன்ட் முழுப் பேரு, அட்ரஸ், என்ன வேலை எத்தன மணி நேரம் என்ன ரேட், மொத்தம் டாலர்ல. போதும்.


டெக்லா_தம்பி

அப்டேட் மக்களே. பேங்க்ல பேரு மாத்த எழுதிக் குடுத்தேன், நாலு நாள்ல மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் கேஒய்சி ஓகே ஆயிருச்சு. ரவுட்டிங் நம்பர் வந்துச்சு, எண்ணிப் பாத்தேன், 9தான். டபிள்யூ-8பென்னும் ஏசிஎச் ஃபார்மும் அனுப்புனதுக்கு அந்த அம்மா "பர்ஃபெக்ட்"னு ஒரே வார்த்தை ரிப்ளை. வெள்ளிக்கிழமை போட்டாங்க, செவ்வாக்கிழமை இங்க விழுந்துச்சு. அதே 1,150 டாலர், கைக்கு 95,600 பக்கம். எஃப்ஐஆர்ஏவ எறக்கி இன்வாய்ஸ் நம்பர் 1 கூட ஃபோல்டர்ல போட்டாச்சு. மொத மாச வாலட் காசுக்கும் அவங்கட்ட கேட்டிருக்கேன், தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

சித்தப்பாட்ட அப்பாதான் பேசுனாரு. "நல்லதுக்குத்தானடா சொன்னேன்"னு போன வச்சுட்டாரு, ரெண்டு நாளா வாட்ஸ்ஆப்ல குட்மார்னிங் கூட வரல.


கோரிப்பாளையம்_பங்காளி

ஆடிக்கு ஊருக்கு வருவாருல்ல, கறிச்சோறு போட்டு சரிக்கட்டிருங்க. அந்த ஆறாயிரம் மிச்சத்துல ஒரு ஆட்டுக் காலு வராமயா போயிரும்.


மாட்டுத்தாவணி_எக்ஸ்பிரஸ்

பேரேடு அக்கா, உங்க ஆபீஸ் எத்தன மணி வரைக்கும் இருக்கும்? இருநூறு என்ட்ரியையும் எக்செல்ல போட்டு எடுத்துட்டு வர்றேன்.


பேரேடு_அக்கா

ஏழு மணி வரைக்கும் இருப்போம். எக்செல்ல எடுத்துட்டு வாங்க, ஸ்கிரீன்ஷாட்டா கொண்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்.